நிலத்தில் வெட்டி வைத்த தேசிக்காய்

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு யாரிலும் நம்பிக்கை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரே அதைத் தன்னுடைய தகைமைகளில் ஒன்றாகத்தான் வைத்திருந்தார். வானிலை அறிக்கையில் மழை என்றால் பல்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தில் லிஃப்ற் வந்து நின்றால், உள்ளே நிற்பவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏறுவதா, அடுத்ததுக்குக் காத்திருப்பதா என்று தீர்மானிப்பார். பக்கத்து வீட்டுக்காரி நத்தாருக்குக் கேக் கொண்டுவந்தால் வாய் நிறையச் சிரித்து வாங்குவார். கதவைச் சாத்தியதும் அந்தக் கேக் ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்குப் போகும். தைப்பொங்கல்வரை அங்கேயே இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும்.

"உங்களட்டைக் கடவுள் வந்தாலும் ஐடி காட்டச் சொல்லுவியள்" என்பார் மனைவி கௌசி.

"கடவுளெண்டு சொல்லிக்கொண்டு வாறவன் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார் இவர்.

இந்தக் குணம் அவரோடு கூடப் பிறந்ததல்ல. இளவயதில் யாழ்ப்பாணத்தில் அவர் கண்ட காலம் அப்படி. யார் எந்தப் பக்கம் என்று தெரியாத காலம். வாய் திறந்து கேள்வி கேட்டவனைத்தான் முதலில் கொண்டுபோனார்கள். கேட்காமல், சொல்லாமல், எல்லாவற்றையும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றவன் தப்பினான். அப்படித் தப்பி ரொறன்ரோ வந்தவர் முப்பது வருடத்துக்கு மேலாகியும் பழக்கத்தை விடவில்லை. சந்தேகம் வந்தால் கேட்கமாட்டார். கேட்டால் எதிராளி உசாராகிவிடுவான் என்பது அவர் கொள்கை. பேசாமல் இருந்து கவனிப்பார். கவனிக்கக் கவனிக்க, இல்லாததெல்லாம் தெரியத் தொடங்கும்.

கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வயது போகும்வரை வேலை செய்தார். அது மூடப்பட்டதும் வீட்டில் இருந்து கௌசியைக் கவனிக்கத் தொடங்கினார். ஏன் இவ்வளவு நேரம் போன், ஏன் இன்றைக்குச் சேலை, ஏன் சிரிப்பு. கௌசி பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஒருநாள் தானே ஒரு வேலை விளம்பரத்தைக் கண்டுபிடித்து, தானே விண்ணப்பித்து, மனிசனைக் காரில் ஏற்றி அனுப்பிவைத்தார். குரங்குக் காப்பகம் ஒன்றில் துப்புரவு வேலை.

மார்க்கம் றோட்டில் வடக்கே ஏறி, மார்க்கம் ஊரையும் கடந்து, ஸ்ரௌவ்விலில் புதிதாக முளைத்த ஒரே அச்சு வீடுகளும் முடிந்த பிறகு, சோளக் காணி ஒன்றின் ஓரத்தில் அந்த இடம் இருக்கிறது. வீட்டில் ஆசைக்கு வளர்த்து, கடிக்கத் தொடங்கியதும் கைவிடப்பட்ட குரங்குகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பெரும்பாலும் கப்புச்சின் குரங்குகள். பூனையளவு உடம்பு, கறுத்த மயிர், வெள்ளை முகம். மத்திய அமெரிக்கக் காட்டு மரங்களின் உச்சியில் இருக்கவேண்டிய பிறவிகள், ஒன்ராறியோ பனிக்காலத்தில் ஹீற்றருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தன.

பொறுப்பாளர் றெபேக்கா என்ற வெள்ளைக்காரப் பெண். முதல் நாளே அவருக்கு அந்தக் குரங்குகளின் சீவியத்தைச் சொல்லித் தந்தார். காட்டில் கூட்டமாகத்தான் இருக்குமாம். பெண் குரங்கு பிறந்த கூட்டத்தை விட்டுச் சாகும்வரை போகாதாம். தாய், பெரியம்மா, சின்னம்மா, தங்கச்சிமார் எல்லாம் ஒரே இடத்தில். தின்னும்போதும் ஒன்று தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். பாம்பைக் கண்டால் ஒரு சத்தம், கழுகைக் கண்டால் வேறு சத்தம். சத்தம் கேட்டதும் எல்லாம் உசாராகிவிடும்.

கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மனது குளிர்ந்துவிட்டது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு தன்னைப்போல நாலு பேரைக் கண்டுவிட்டார்.

அங்கே டியூக் என்ற கடுவன் குரங்கு, தண்ணிக் குழாயைக் காணும்போதெல்லாம் பாம்பு பாம்பு என்று கத்துவான். மாதக்கணக்காகக் கழுவினாலும் கத்துவான். மற்ற வேலையாட்கள் சிரித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா சிரிக்கவில்லை. இன்றைக்குக் குழாய், சரி. நாளைக்கு வருவது பாம்பாக இருந்தால் என்ன செய்வது? அவர் குழாயை வாளிக்குள் சுருட்டி மறைத்துக் கொண்டுபோகப் பழகினார்.

தை மாதம் பிரின்சஸ் வந்தாள்.

டவுன்ரவுனில் ஒரு கொண்டோ மாடி வீட்டில் தனியாக வளர்ந்தவள். சட்டையும் பம்பர்ஸும் போட்டு, நூடில்ஸ் தின்னக் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். கடிக்கக் கூடாது என்று கோரைப் பற்களைக் கழற்றியிருந்தார்கள். பன்னிரண்டு வயதாகியும் இன்னொரு குரங்கைக் கண்டதில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மில்லி என்ற கிழவிக் குரங்கைக் கண்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மூலைக்குள் போய்விட்டாள். கொடுத்த எதையும் தின்னவில்லை. முன்னங்கையில் மயிரைப் பிடுங்கிப் பிடுங்கி, தோல் வெளியே தெரிந்தது.

அவளைத் தின்ன வைத்தவர் ஸ்ரீஸ்கந்தராசாதான். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வலைக்கு முன்னால் குந்தியிருந்து ஒரு முந்திரிகைக் குலையை, திராட்சைதான், எடுத்து, முதலில் தான் மணந்து பார்ப்பார். பிறகு ஒரு பழத்தைத் தன் வாயில் போட்டு மெதுவாகச் சப்பி விழுங்குவார். வாயைத் திறந்து, சாகவில்லை என்று காட்டுவார். அதற்குப் பிறகு அதே குலையில் இன்னொரு பழத்தை நீட்டுவார். பிரின்சஸ் அவர் முகத்தைப் பார்ப்பாள், பழத்தைப் பார்ப்பாள், திரும்ப முகத்தைப் பார்ப்பாள். வாங்குவாள். வேறு யார் நீட்டினாலும் வாங்கமாட்டாள்.

"கெட்டிக்காரப் பிள்ளை. ஒருத்தரையும் நம்பாதை" என்று அவர் அவளுக்குப் புத்தி சொல்வார்.

அவளைக் கூட்டத்தோடு சேர்க்க றெபேக்கா முயன்றுகொண்டிருந்தார். பெரிய கூட்டில் டியூக், மில்லி, இன்னும் ஐந்தாறு பேர். பக்கத்துச் சிறிய கூட்டில் பிரின்சஸ். நடுவில் கம்பி வலை, அதில் இழுத்துத் திறக்கும் ஒரு சிறு கதவு. வலையூடாகப் பழகவிட்டு, பகை தணிந்ததும் கதவைத் திறப்பது வழக்கம். ஆனால் பகை தணியவில்லை. டியூக் மில்லியின் முதுகில் ஏறி நின்று, இரண்டு தலையும் ஒன்றன்மேல் ஒன்றாக, பல்லைக் காட்டி வலையை உலுப்புவான். இங்கே கோரைப் பல்லும் இல்லாத ஒருத்தி நடுங்கிக்கொண்டிருப்பாள்.

றெபேக்கா எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஒரு கூட்டை ஒருத்திக்காக மட்டும் வைத்திருக்க இடமில்லை. சித்திரை முடிவதற்குள் கூட்டம் அவளை ஏற்காவிட்டால் மேற்கே வேறொரு காப்பகத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே அவளுக்குத் தனிக்கூடுதான். இந்தக் குரங்குகள் நாற்பது வயதுக்கு மேலும் இருக்கும். அவ்வளவு காலமும் தனிய.

அன்று வீட்டுக்குப் போன ஸ்ரீஸ்கந்தராசா சாப்பிடவில்லை. தனியாக இருப்பது பாதுகாப்பு என்றுதான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தவர். அவள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டு கிடப்பாள் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

பங்குனித் தொடக்கத்தில் றீற்றா வேலைக்கு வந்தார். மன்னார்க்காரி, வேதக்காரி, ஐம்பது வயது இருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு, உணவு கொடுத்துப் பராமரிக்கும் வேலைக்கு இங்கே வந்திருந்தார். கழுத்தில் அந்தோனியார் பதக்கம். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். வந்த அன்றே "வணக்கம் அண்ணை, தமிழாள் ஒராள் இருக்கிறது எவ்வளவு ஆறுதல்" என்று சிரித்தார்.

இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று ஸ்ரீஸ்கந்தராசா குறித்துக்கொண்டார்.

றீற்றாவைக் காரில் கொண்டுவந்து விடுவது அவர் தம்பி மரியோ. ஒருநாள் கார் கண்ணாடியை இறக்கி, "அண்ணை, உந்த வயசிலையும் வேலை செய்யிறியள், பெரிய விசயம். எப்ப றிற்றயர் பண்ணுற யோசனை?" என்று கேட்டார். மரியோவுக்கு அப்போது வேலை இல்லை என்பது இவருக்குத் தெரியும். போதாதா? அக்கா உள்ளே வந்தாயிற்று, தம்பி வாசலில் நிற்கிறார், நடுவில் இடைஞ்சலாக இருப்பது யார் என்று ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

அதற்கு அடுத்த கிழமைதான் தேசிக்காய்.

அங்கே காலையில் நடப்பது இது. குரங்குகள் உள்ளறையில் அடைபட்டிருக்கும். றீற்றா கூட்டுக்குள் போய்த் தீனியை வைத்துவிட்டு அடுத்த கூட்டுக்கான தீனி வெட்டச் சமையலறைக்குப் போவார். பிறகு ஸ்ரீஸ்கந்தராசா உள்ளே போய் நிலத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, பூட்டுகளை இழுத்துப் பார்த்து, உள்ளறைக் கதவைத் திறப்பார். அன்று உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பி வலைக்கு இரண்டு பக்கமும், நிலத்தில், வரிசையாகப் பாதி பாதியாக வெட்டிய தேசிக்காய்கள், பச்சை எலுமிச்சைகள். வெட்டிய பக்கம் மேலே. ஒவ்வொன்றிலும் சிவப்பு. இடையிடையே பாதி வெங்காயம்.

வீட்டுக் குசினியில் வெட்டிய தேசிக்காய் சொதிக்கு. நிலத்தில் வெட்டி வைத்த தேசிக்காய் வேறு அலுவலுக்கு. இதை யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. முச்சந்தியில் கிடந்தால் விலத்திப் போவார்கள். வாசலில் கிடந்தால் அன்றைக்கே கழிப்புக் கழிக்க ஆள் தேடுவார்கள். அந்தச் சிவப்பு, அதே பலகையில் முதலில் வெட்டிய பீற்றூட்டின் சாறு. ஆனால் குங்குமத்தைக் காணத் தயாராக இருந்த கண்ணுக்குப் பீற்றூட் எங்கே தெரியப்போகிறது?

காலில் படாமல், ஒவ்வொன்றையும் கூட்டி அள்ளினார். வெளியே சோளக் காணிக்குள் எறிந்து மூன்று தரம் துப்பினார். திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவர்போலக் கதவைத் திறந்தார். றீற்றாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாளும் தேசிக்காய். அதற்கு அடுத்த நாளும். அவரும் நாள் தவறாமல் அள்ளினார். றீற்றா மத்தியானம் வந்து வெறும் நிலத்தைப் பார்ப்பார். "பாருங்கோவன் அண்ணை, தோல்கூட மிச்சமில்லை" என்று சந்தோசப்படுவார். செய்வதையும் செய்துவிட்டு ஆழம் பார்க்கிறா என்று இவர் நினைத்துக்கொண்டு, "ஓமோம்" என்பார்.

பிறகு ஒருநாள் கண்டது அவருடைய மிச்ச இரத்தத்தையும் உறைய வைத்தது. றீற்றா பிரின்சஸின் கூட்டுக்குள் குனிந்து, சாமணத்தால் நிலத்திலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். மயிர். பிரின்சஸின் மயிர். அதைச் சின்னக் கடித உறைக்குள் போட்டு, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டி, மேலே அவளுடைய பெயரை எழுதினார். வாய் அந்த நேரமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

தேசிக்காய், சிவப்பு, மயிர், மந்திரம். இனி என்ன பாக்கி?

அன்று பின்னேரம் கௌசியிடம் சொன்னார். கௌசி புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குச் செய்வினை செய்யினம். குரங்கை வைச்சுச் செய்யினம். அது என்னிலை வாரப்பாடு, பாசம் எண்டு தெரிஞ்சு, அதை வைச்சே என்னைக் கலைக்கப் பாக்கினம்."

"ஆரு?"

"உவள் மன்னார்க்காரி. மன்னார் ஆக்களுக்கு உது கைவந்த கலை எண்டு கேள்விப்பட்டிருக்கிறீர்தானே?"

கௌசி புட்டுக்குழலை இறக்கி வைத்தார். "செய்வினை செய்விக்கிறதெண்டால் செலவப்பா. உங்களிலை என்ன கிடக்கெண்டு அந்த மனிசி செலவழிக்கிறது?"

"பகிடி விடாதையும்."

"சரி, பகிடி விடேல்லை. ஏன் தேசிக்காய் வைக்கிறியள் எண்டு அவவிட்டைக் கேட்டால் முடிஞ்சுதெல்லோ?"

"கேட்டால் உசாராயிடுவா."

"உங்களுக்கெல்லாம் ஒரு கேள்வி கேட்கச் செத்துப்போற பயம்" என்று சொல்லிவிட்டுக் கௌசி தேங்காய்ப்பூவை எடுக்கப் போய்விட்டார்.

அதற்குள் கூட்டில் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. டியூக் வலைக்குள் கையை விட்டுப் பிரின்சஸின் வாலைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்கை வரைக்கும் மயிரைப் பிடுங்கிவிட்டாள். செய்வினை பலிக்கத் தொடங்கிவிட்டது என்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஒரு பொட்டலம் திருநீறு வாங்கினார். சனிக்கிழமை காலை, தேசிக்காயை அள்ளிய பிறகு, பிரின்சஸின் பக்கம் வலை ஓரமாக நீளத்துக்குத் திருநீற்றைத் தூவினார். கம்பியிலும் பூசினார். முருகா, உன்ரை பிள்ளை இது, பாத்துக்கொள் என்றார். நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

மத்தியானம் றெபேக்காவின் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

பிரின்சஸின் வாயைச் சுற்றி வெள்ளைத் தூள். கையில் வெள்ளைத் தூள். வலை ஓரத்தில் கோடுபோல வெள்ளைத் தூள். எலி மருந்தா, போதைத் தூளா, யாராவது நஞ்சு வைத்தார்களா என்று றெபேக்கா வெளிறிப்போய் நின்றார். மிருக வைத்தியரைக் கூப்பிட்டாயிற்று. வேலையாட்கள் எல்லோரும் கூட்டுக்கு முன்னால் வரவேண்டும்.

"கடைசியாக இந்தக் கூட்டுக்குள் பொருள் வைத்தது யார்?" என்று கேட்டார்.

எல்லோரும் றீற்றாவைப் பார்த்தார்கள். றீற்றா ஓம் என்று தலையை ஆட்டினார். அவருடைய முகம் சுண்டிப்போயிற்று. தான் வைத்தது தேசிக்காயும் வெங்காயமும் தீனியும்தான் என்றார்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைக்கத் தேவையில்லை, அவர் மனதுக்குள் கைதட்டினார். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள், இங்கே மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. தான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பேசாமல் நின்றால் போதும். பேசாமல் நிற்பது அவருக்குத் தெரிந்த வேலைதான்.

அப்போது றெபேக்கா இன்னொன்றைச் சொன்னார். இங்கே யாரோ இந்தக் குரங்குக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றால் இனி அவளை இங்கே வைத்திருக்க முடியாது. சித்திரை முடியும்வரை காத்திருப்பதில்லை. பிரின்சஸ் திங்கட்கிழமை மேற்கே போகிறாள்.

வலைக்குப் பின்னால் பிரின்சஸ் குந்தியிருந்தாள். அத்தனை பேர் நின்றும் அவள் பார்த்தது ஒரு முகத்தை மட்டும்தான்.

றீற்றா குனிந்து தூளைத் தொட்டார். விரலுக்கிடையில் தேய்த்து மணந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இது உங்கடை நெத்தியிலை இருக்கிறதெல்லோ?"

வாழ்நாளில் முதல்தடவையாக ஸ்ரீஸ்கந்தராசா எல்லோருக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டார். கேட்டார் என்பதைவிட, வெடித்தார் என்பதே சரி.

"ஓம், நான்தான் போட்டனான்! போடாமல்? நீங்கள் ஏன் தேசிக்காய் வெட்டி வைச்சனீங்கள்? ஏன் மயிர் பொறுக்கினீங்கள்? என்னத்தை முணுமுணுக்கிறனீங்கள்? நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள் உங்களுக்கு?"

றீற்றாவுக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. புரிந்ததும் வாயில் கையை வைத்தார். "அந்தோனியாரே! செய்வினை எண்டோ நினைச்சனீங்கள்?"

அதற்குப் பிறகு றீற்றா சொன்னார், அவரால் இடையில் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை, அழாமலும் இருக்க முடியவில்லை. முணுமுணுப்பது செபமாலை. மயிர் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. குரங்குக்கு மனப் பதற்றம் எவ்வளவு என்று மயிரை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். தேசிக்காய் றெபேக்கா சொல்லி வைத்தது. இந்தக் குரங்குகள் காட்டில் புளிப்புப் பழத்தையும் மணமுள்ள இலையையும் கடித்து, துப்பலோடு சேர்த்து உடம்பு முழுக்கத் தேய்க்கும். பூச்சி கடிக்காது என்பார்கள். ஆனால் தனியத் தேய்க்காது. எல்லாம் ஒன்றுக்குமேல் ஒன்று விழுந்து, ஆளாளுக்கு முதுகில் பிரட்டும். அந்த நேரத்தில் யார் பெரியவன், யார் புதியவன் என்ற கணக்கு இருக்காது.

"எங்கடை வீட்டிலை தடிமன் வந்தால் முதுகிலை தைலம் தேய்ச்சு விடுறேல்லையே அண்ணை? அப்பிடித்தான். முதலிலை பழக்கிப்போட்டு, பிறகு அந்த நேரம் கதவைத் திறந்தால் பிரின்சஸையும் சேர்த்துப்போடலாம் எண்டுதான் நாள் நாளாய் வைச்சனான். தேசிக்காய் முழுக்க முடியுது, இதுகள் ஏன் சேரேல்லை எண்டு நானும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு..." றீற்றா நிறுத்திவிட்டார். "தேசிக்காய் எங்கை அண்ணை போனது?"

ஸ்ரீஸ்கந்தராசா ஜன்னல் வழியே சோளக் காணியைப் பார்த்தார். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாளும் அவளுடைய வழியைத்தான் அள்ளி எறிந்துகொண்டிருந்திருக்கிறார். இதைவிட ஒரு எதிரியால் என்ன செய்துவிட முடியும்?

எல்லாவற்றையும் றீற்றா ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது றெபேக்கா ஒரு கதிரையில் இருந்துவிட்டார். சாணகத்தை எரித்த சாம்பல்தான், பெரிதாக ஒன்றும் செய்யாது என்று வைத்தியரும் வந்து பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலை மட்டும் தருகிறேன் என்றார் றெபேக்கா. அதிலும் சரிவராவிட்டால் திங்கட்கிழமை வான் வருகிறது.

ஞாயிறு காலை றீற்றா பூசைக்குப் போகாமல் வேலைக்கு வந்தார். ஒரு தாச்சி நிறையத் தேசிக்காயையும் கத்தியையும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு முன்னால் வைத்தார்.

"நீங்களே வெட்டி வையுங்கோ. பிறகு என்னிலை பழி வராது."

குத்தல்தான். அவருக்கு அது வேண்டியதும்தான். கத்தியை எடுத்து வெட்டினார். வெட்டியதை நிலத்தில் வைக்கும்போது கை ஒருமுறை பின்வாங்கியது. வைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. டியூக் முதலில் வந்தான், ஒரு பாதியை எடுத்தான், கடித்தான், நெஞ்சில் தேய்த்தான். அவ்வளவுதான். மில்லி ஓடிவந்தாள், மற்றவர்கள் விழுந்தடித்து வந்தார்கள். எச்சில் வடிய, கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, தோலாலும் சாறாலும் தங்களையும் மற்றவர்களையும் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் எது யாருடைய கை, எது யாருடைய வால் என்று தெரியாத ஒரு ஈரக் குவியல்.

இந்தப் பக்கம் பிரின்சஸ் அசையவில்லை. அவள் காலடியிலும் தேசிக்காய் கிடந்தது. றீற்றா ஒன்றை எடுத்து நீட்டினார், வாங்கவில்லை. றெபேக்கா நீட்டினார், முகத்தைத் திருப்பினாள். குவியல் இன்னும் கனநேரம் நிற்காது என்று றெபேக்கா மெதுவாகச் சொன்னார். பிரின்சஸ் தேசிக்காயைப் பார்த்தாள். பிறகு ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தைப் பார்த்தாள். திரும்பத் தேசிக்காயைப் பார்த்தாள்.

அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று அந்த இடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். படிப்பித்தவர் அவரல்லவா?

ஸ்ரீஸ்கந்தராசா முழங்காலில் இருந்தார். நிலத்தில் வெட்டி வைத்த தேசிக்காயில், சாறு வடிந்துகொண்டிருந்த ஒரு பாதியைக் கையில் எடுத்தார். இப்படி ஒன்றைத் தொட்டவன் இரத்தம் கக்குவான் என்று கேட்டு வளர்ந்த கை அது. மணந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தன் முன்னங்கையில் வைத்துத் தேய்த்தார். பிறகு கழுத்தில். சேட்டு பொத்தானைக் கழற்றி நெஞ்சில். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை வழுக்கைத் தலையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பிரட்டினார். சாறு நெற்றியில் இறங்கித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் போனது.

"பாரணை பிள்ளை, ஒண்டுமில்லை" என்றார். "ஒண்டுமே இல்லையம்மா. நான்தான் பிழையாய்ச் சொல்லித் தந்திட்டன்."

பிரின்சஸ் குனிந்து ஒரு பாதியை எடுத்தாள். மணந்தாள். தோலைக் கடித்தாள். முதலில் அந்த மயிரில்லாத கையில் மெதுவாகத் தேய்த்தாள், எரிந்திருக்கவேண்டும், உதறினாள். பிறகு வயிற்றில், வாலில், முதுகில். யாரும் சொல்லித் தராத ஒன்று அவளுடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. அவளும் கீச்சென்று கத்தினாள். வந்த நாள்தொட்டு அவள் அப்படிக் கத்தியதை யாரும் கேட்டதில்லை.

றெபேக்கா சிறு கதவை இழுத்துத் திறந்தார்.

பிரின்சஸ் அந்த வாசலில் ஒருமுறை நின்றாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே போய்க் குவியலின் ஓரத்தில் சாய்ந்தாள். டியூக்கின் தலை நிமிர்ந்தது. றீற்றாவின் வாய் செபத்தில் வேகமெடுத்தது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தேசிச்சாற்றில் ஒன்றும் தெரியவில்லை. "என்ன நடக்குது? கடிக்கிறானோ? சொல்லுங்கோ பிள்ளை, கடிக்கிறானோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இல்லை அண்ணை. மில்லி அவளின்ரை முதுகிலை தேய்க்கிறா."

திங்கட்கிழமை வான் வரவில்லை. வேண்டாம் என்று றெபேக்கா போனில் சொல்லிவிட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் அடிபாடு இருக்கத்தான் செய்தது. டியூக் இரண்டு தரம் அவளைக் கலைத்துத் துரத்தினான், மில்லி நடுவில் வந்து நின்றாள். பிறகு அதுவும் குறைந்தது. வைகாசியில் ஒரு காலை, ஸ்ரீஸ்கந்தராசா முந்திரிகைக் குலையோடு வழக்கமான இடத்தில் வந்து குந்தினார். மேலே கொப்பில் பிரின்சஸும் மில்லியும் முகத்துக்கு முகம் பார்த்து இருந்தார்கள். மில்லி தன் விரலைப் பிரின்சஸின் மூக்குத் துவாரத்துக்குள் விட்டிருந்தாள். பிரின்சஸின் விரல் மில்லியின் மூக்கில். இருவரும் கண்ணைப் பாதி மூடி, அப்படியே அசையாமல் இருந்தார்கள்.

"உதென்ன கோலம்?" என்று அவர் றீற்றாவிடம் கேட்டார். இப்போதெல்லாம் கேட்கிறார்.

"காட்டிலையும் சில கூட்டம் இப்பிடிச் செய்யுமாம் அண்ணை, றெபேக்கா சொன்னவ. சோதிச்சுப் பாக்கிறதாம். மூக்குக்குள்ளை விரலை விட்டால் நோகும்தானே? ஒரு இழுவை இழுத்தால் கிழிஞ்சுபோகும். அப்பிடி இருந்தும் நீ என்னை விடுறாய், நான் உன்னை விடுறன். உன்னிலை எனக்கு நம்பிக்கை எண்டு காட்டுறதாம்."

ஸ்ரீஸ்கந்தராசா குலையை மணந்தார். ஒரு பழத்தைத் தின்றார், வாயைத் திறந்து காட்டினார், மற்றதை நீட்டினார். "பிள்ளை" என்று கூப்பிட்டார். பிரின்சஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். இறங்கி வரவில்லை. கண்ணைத் திரும்ப மூடிக்கொண்டாள். அவர் கை நீட்டியபடியே இருந்தது, கடைசியில் டியூக் வந்து பழத்தைப் பறித்துக்கொண்டு போனான்.

அவருக்கு நொந்தது. நன்றாகவே நொந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோசமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா அந்த ஈர நிலத்தில் குந்தியபடியே அழுதார். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.